கோல் விழுந்த பிறகு

ரந்தாவ்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜனனிக்கு,

ரந்தாவிலிருந்து நிஷா எழுதுகிறேன். படைத்தவன் கருணையால் நாங்கள் இங்கே நலம். பெர்த்தில் குளிர் தாங்குகிறதா, வாய்க்குப் பிடித்த சாப்பாடு கிடைக்கிறதா என்று ஒன்றும் தெரியவில்லை. உன் பழைய எண்ணுக்கு அனுப்பிய எதுவும் உன்னிடம் போய்ச் சேரவில்லை. அதனால் போன வாரம் சிரம்பானில் உங்கள் துணிக்கடைக்கே போய் உன் அம்மாவிடம் முகவரி வாங்கினேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீ எழுதினா படிப்பா லா" என்றார்கள். படிப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

அத்தாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. எங்கள் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட ஆள் வைத்தாயிற்று. ஆனாலும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று குறை சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. மத்தியானத்தில் நான் கடையில் உட்காருகிறேன். என் முட்டி முக்கால்வாசிதான் மடங்குகிறது. இனி ஓடி ஆட முடியாது. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். மற்றபடி குறையில்லை. மழை மட்டும் தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊரே பேசிவிட்டது. நாம் இருவர் மட்டும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நீ என் கால்மாட்டில் நின்று "மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்று சொன்னது மருந்து மயக்கத்தில் எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது. நான் கண் விழித்துப் பேசும் நிலைக்கு வந்தபோது நீ வருவதை நிறுத்தியிருந்தாய். பிறகு ஊரைவிட்டே போய்விட்டாய். ஆகவே, நான் கண்டதை இப்போது சொல்கிறேன்.

உனக்கு அன்றைய வானம் நினைவிருக்கிறதா? எங்கள் தோட்டத் திடலில் இறுதி ஆட்டம். நீ சிரம்பானுக்கு ஆடுகிறாய், நான் ரந்தாவுக்குக் கோல் காக்கிறேன். செம்பனை மரங்களுக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, வெயிலும் போகவில்லை. புல் முழுவதும் மஞ்சளாக மின்னியது. நீ பந்தோடு வந்தாய். நான் உன் காலடியில் பாய்ந்தேன். என் கை பந்தைத் தொட்டது, ஆனால் பந்து நிற்காமல் கோலுக்குள் உருண்டது. என் கால் எங்கேயோ மடிந்து சிக்கிக்கொண்டது. நீ என்னைத் தாண்டிக் குதித்துப் போனாய். உன் பூட்ஸ்கூட என்மேல் படவில்லை.

வலி வருவதற்கு முன்னால் ஒரு நேரம் இருந்தது, ஜனனி. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. கன்னம் புல்லில் பதிந்திருந்தது. உலகம் சாய்ந்து கிடந்தது. சத்தமே இல்லை. அந்தச் சாய்ந்த உலகத்தில் நீ இரண்டு கைகளையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, சிறுபிள்ளை போலத் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தாய். உன் பின்னால் செம்பனை மரங்களும் சுற்றின. மேகம் சுற்றியது. முதல் மழைத்துளி என் காதில் விழுந்தது. தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், எவ்வளவு அழகாகச் சுற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வலி வந்தது.

யாரோ எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிய அந்த வீடியோவை நான் வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். அதில் நான் கிடக்கிறேன், நீ சுற்றுகிறாய், அவ்வளவுதான். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும், எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டதும் அதில் இல்லை. அதற்குள் முடித்துவிட்டார்கள். "கூட்டாளி காலு ஒடஞ்சு கெடக்குறா, இவ ஆட்டத்தப் பாரு" என்று எழுதியவர்களுக்கு மீதி எப்படித் தெரியும்?

எங்கள் கடையிலும் பேச்சு ஓடியிருக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவு ஆட்டம் ஆகாது என்று ஒருவர் சொன்னாராம். அதே ஆள் அன்று ராத்திரி டிவியில் யாரோ ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரன் சட்டையைக் கழற்றி வீசியபோது, மேசையைத் தட்டி, ஆற்றி வைத்த தே தாரிக் டீயைக் கொட்டினாராம். அந்த மேசையைத் துடைத்த அம்மா வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டு, கட்டுப்போட்ட காலோடு சிரித்தேன்.

உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியுமா? பழக்கூடையோடு வாசலிலேயே நின்றாராம். "பிள்ளைய நான் அப்படி வளக்கல, கனி பாய்" என்றாராம். அத்தா கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, "கோல் போட்ட பிள்ள சந்தோசப்படாம அழுவுமா? உக்காருங்க செட்டியாரே, சாப்பிட்டுத்தான் போவணும்" என்று சொன்னாராம். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு நல்லசாமி அண்ணன் பயிற்சி கொடுக்கிறார். தோட்டத்து லோரி ஓட்டுகிறாரே, அன்று என்னைக் காருக்குத் தூக்கிப் போனாரே, அவர்தான். கோல் காக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். போன பிறகுதான் அவர் ஒரு சட்டம் போட்டிருப்பது தெரிந்தது. கோல் போட்டால் குதிக்கக் கூடாது, கத்தக் கூடாது, தலையைக் குனிந்து நேராக நடந்து வர வேண்டும். "ஜனனிக்கு நடந்தது இதுங்களுக்கு நடக்க வேணாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளைகள் கோல் போட்டுவிட்டு வருவதைப் பார்க்கவேண்டுமே! அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு வருவது போல வருகிறார்கள்.

போன ஞாயிறு ரெம்பாவ் பிள்ளைகளோடு ஆட்டம். எங்களிடம் மாதவி என்று ஒரு பொடிப்பெண் இருக்கிறாள். அதுவரை ஒரு கோல்கூட போடாதவள். அன்று பந்து அவள் காலில் பட்டு, பாய்ந்து விழுந்த ரெம்பாவ் கோல்கீப்பரின் கைக்கடியில் உருண்டு உள்ளே போய்விட்டது. மாதவியின் முகம் மலர்ந்தது. உடனே நல்லசாமி அண்ணனைப் பார்த்தாள். மலர்ந்தது அப்படியே அடங்கியது. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. ரெம்பாவ் பிள்ளைக்கு அடி ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, "ஓடு லா, மாதவி! ஓடு!" என்று கத்தினேன். திடல் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவள் ஒரு கணம் நின்றாள். அப்புறம் ஓடினாளே ஓட்டம்! தவளை போலக் குதித்தாள், புல்லில் உருண்டாள், எழுந்து மறுபடியும் ஓடினாள். ஓடிக் களைத்து, தானாகவே அந்த ரெம்பாவ் பிள்ளையிடம் போனாள். அது கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. மாதவி பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பாஞ்சப்ப நான் பயந்துட்டேன் லா. பந்து போவாதுன்னு நெனச்சேன்" என்றாள். அது மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கை வழுக்கிருச்சு" என்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஜனனி. சந்தோஷத்தை முழுசாக அனுபவித்து முடித்ததால்தான் அவளுக்கு அடுத்தவளின் அழுகை கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றியது.

நல்லசாமி அண்ணன் என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "சரி, ஓடட்டும். விழுந்த பிள்ளைய மட்டும் மொதல்ல ஒரு பார்வ பாத்துக்கிட்டு ஓடட்டும்" என்றார். சட்டம் மாறிவிட்டது.

உன் அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். உன் அறைக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறதாம். சாயங்காலத்தில் பெண்கள் காற்பந்து ஆடுவார்களாம். சத்தம் கேட்டதும் நீ சன்னல் திரையை இழுத்துவிடுகிறாயாம். அதைக் கேட்ட அன்று என் முட்டி வலித்ததைவிட வேறு ஏதோ அதிகமாக வலித்தது.

திரையை விலக்கிவிடு, ஜனனி. கீழே இறங்கிப் போ. யாரென்று கேட்டால் பெயரைச் சொல், நெகிரி செம்பிலான் மாநிலத்திலிருந்து வந்தவள் என்று சொல். அந்த ஊர்ப் புல்லும் பழகிவிடும். ஒருநாள் அங்கே கோல் போடுவாய். அப்போது தலையைக் குனிந்து நடந்துவிடாதே. எனக்காக அப்படி நடந்தாய் என்று கேள்விப்பட்டால், நான் உன்னை மன்னிக்க மாட்டேன்.

உன் கால்கள் இரண்டையும் இறைவன் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும். அவை ஓடவேண்டிய தூரம் இப்போது இருவருடையது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ரஹ்மத் நிஷா