தரம் குறைந்த பெற்றோல்

திருகோணமலை
2.3.1975

அன்புள்ள இரத்தினசிங்கம்,

லீவு முடிந்து நீர் ஆபிரிக்காவுக்குத் திரும்பி லுசாக்கா போய்ச் சேர்ந்து, நீர் படிப்பிக்கிற பள்ளிக்கூடமும் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே இறைவன் கிருபையில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வெயில்தான் இப்போதே கொளுத்துகிறது.

ஒரு கெட்ட செய்தி. உம்முடைய கார் போன வியாழக்கிழமை கந்தளாய்க்கு இந்தப் பக்கம் புகை கக்கி நின்றுவிட்டது. உம்முடைய மனைவி தங்கரத்தினம் ரீச்சர் உள்ளே இருந்தார். சாரதி அபூதாஹிர் அவரைப் பத்திரமாக பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஒரு லொறியில் காரைக் கட்டி இழுத்து என் கராச்சுக்குக் கொண்டுவந்தான். கழற்றிப் பார்த்தேன். மூன்றாம் பிஸ்டனின் தலையில் ஓட்டை.

நீர் காரணம் கேட்பீர். தரம் குறைந்த பெற்றோலில் ஓடியதால் வந்தது. புதுப் பிஸ்டனுக்குக் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறேன். யோசிக்காதேயும், வண்டியை நான் எழுப்பித் தருவேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

என்றும் உம்முடைய
ஸெய்னுதீன்


திருகோணமலை
18.8.1975

இரத்தினசிங்கத்துக்கு,

உம்முடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாதது நேரமில்லாமல் அல்ல. கோபத்தில் இருந்தேன். இப்போதும் கோபம்தான், ஆனால் இனி எழுதாமல் இருக்க ஏலாது.

அபூதாஹிர் உயர்ந்த பெற்றோலை வெளியில் விற்றுவிட்டு மலிந்ததைப் போட்டு ஓடினான் என்று ரீச்சருக்கு எழுதினீர். ரீச்சர் அவனை நிறுத்தினார். அதோடு விட்டீரா? உம்முடைய மைத்துனருக்கும் எழுதினீர், அவர் கடைத்தெரு முழுக்கக் கதைத்தார். எட்டு வருஷம் உம்முடைய காரை ஓட்டிய மனிதனுக்கு இன்றைக்கு மூதூர் போகிற லோஞ்ச் படகில் "பெற்றோல் தாஹிர்" என்று பெயர். ஊரில் ஒருவரும் அவன் கையில் வண்டி கொடுப்பதில்லை. கட்டைபறிச்சான் வயல்களில் வரம்பு வெட்டக் கூலிக்குப் போகிறான்.

இவ்வளவுக்கும் ஆதாரம் நான் எழுதிய ஒரு வரி. அதை நீர் அடிக்கோடிட்டு ரீச்சருக்கு அனுப்பியிருக்கிறீர், ஸெய்னுதீனே சொல்லிவிட்டான் என்று. ரீச்சர் அதை என்னிடம் காட்டினார்.

அந்த வரி பொய் இல்லை. பாதிதான் எழுதினேன். மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

பௌதிகம் படிப்பிக்கிற உமக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், வகுப்பில் சொல்வதை நீர் வீட்டில் மறந்துவிட்டீர். வெள்ளைக்காரக் கடற்படைத் துரை விட்டுப்போன அந்தக் காரின் எஞ்சின், மற்றக் கார்களைவிட இறுக்கமாகக் காற்றையும் பெற்றோலையும் நசுக்குகிறது. அதனால்தான் அந்த இழுவை. இறுக்க இறுக்கச் சூடு ஏறும். பிளக்கில் பொறி விழுந்து தீ ஒழுங்காகப் பரவி வருமட்டும் உயர்ந்த பெற்றோல் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கும். சாதாரணப் பெற்றோல் நிற்காது. தீ வந்து சேருமுன்னே ஒரு மூலையில் தானாக வெடிக்கும். தகரப் பேணியில் சல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கேட்கிறதே, அது அந்த அடிதான். உயர்ந்த பெற்றோல் என்றால் சக்தி கூடியது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சக்தி கூடியதல்ல, பொறுமை கூடியது.

இங்கே பம்புகளில் அந்தப் பெற்றோல் இரண்டு வருஷமாக ஒழுங்காக வருவதில்லை. இது உமக்கு நன்றாகத் தெரியும். அதனால்தானே நீர் கேட்டு, நான் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தேன். பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி இறுக்கி, அடையாளத்துக்கு உளியால் ஒரு கோடும் போட்டேன். இழுவை குறையும், ஆனால் சாதாரணப் பெற்றோலில் எஞ்சின் பிழைக்கும் என்று சொன்னேன். ஓம் என்றீர்.

கார் என்னிடம் வந்த அன்று முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். ஒரு நெல்மணி அளவு விலகியிருந்தது. யாரோ பழையபடி முன்னே திருப்பியிருக்கிறார்கள். அபூதாஹிர் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் பொனட் திறக்கிறவன்.

அவனைக் கேட்டேன். சொன்னான். நீர் லீவில் வந்து, அவனைப் பக்கத்தில் இருத்திக் கண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, மாத்தளை தாண்டி ஏற்றத்தில் ஒரு பஸ் உம்மை முந்திப் போய்விட்டதாம். "ஐயாக்கு அது பொறுக்க ஏலாமப் போச்சு காக்கா, காரை நிப்பாட்டி, பொனட்டைத் திறந்து தானே அதைத் திருப்பினவர்" என்றான். பிறகு எஞ்சின் அடிக்கத் தொடங்கியதை உம்மிடம் சொன்னானாம். நீர் ரேடியோவைக் கூட்டச் சொன்னீராம். திரும்பி வந்ததும் ஸெய்னுதீன் காக்காவிடம் காட்டுவோமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்றீராம்.

நான் சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து தந்திருப்பேன்.

ரீச்சரும் அன்றைக்குப் பின் சீற்றில் இருந்திருக்கிறார். போய்க் கேட்டேன். எனக்கு எஞ்சின் விஷயம் ஒன்றும் தெரியாது என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் மார்ச் மாதம் உமக்கு அந்த ஒரு வரியை எழுதினேன். முப்பது வருஷப் பழக்கம். படித்த மனிதர், தன் காரைத் தானே கெடுத்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வாசித்ததும் உமக்கு விளங்கும், மனதுக்குள் வைத்துக்கொள்வீர் என்று நம்பினேன். நீரோ உம்முடைய பிழையை அந்த ஏழையின் தலையில் கட்டிவிட்டீர். அதுவும் என் பேனாவால் கட்டினீர். என் கோபம் உம்மில் மட்டுமல்ல, என்னிலும்தான்.

இப்போது காரியத்தைக் கேளும். துறைமுகத்தில் லொறிச் சாரதி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓட்டிக் காட்டியதில் அபூதாஹிர்தான் முதல். கடைசியாக வேலை செய்த இடத்திலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்கள். செப்டெம்பர் பதினைந்துக்குள் கொடுக்காவிட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும்.

நானே துறைமுகக் கந்தோருக்குப் போனேன். நான்தான் மெக்கானிக், நான் எழுதியது பாதி, இவன் கள்ளன் அல்ல என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கிளாக்கர் தன்மையான பிள்ளை. "நீங்க சொல்றதை நான் நம்புறன் காக்கா, ஆனா எங்களுக்கு அவர்ட எசமான்ட கடிதம்தான் வேணும்" என்று கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னான். இருக்கவில்லை, வந்துவிட்டேன்.

ஆகவே எழுதும். டிஸ்டிரிபியூட்டர் கதை வேண்டாம், பஸ் கதை வேண்டாம். எட்டு வருஷம் நேர்மையாக ஓட்டினான், கார் பழுதானது அவன் பிழையல்ல என்று இரண்டு வரி. உம்முடைய மரியாதைக்கு ஒரு கீறலும் விழாது. புதுப் பிஸ்டன் கொழும்பிலிருந்து வந்து கிடக்கிறது. நான் எஞ்சினில் பூட்டவில்லை. உம்முடைய கடிதத்தைக் கண்டபின் பூட்டுவேன். வராவிட்டால் வேறு கராச் பாரும், வேறு சிநேகிதனையும் பாரும்.

இதை எழுதும்போது அபூதாஹிர் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருக்கிறான். அவனுக்கு எழுத வராது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஐயாவுக்கு மனம் நோகும், பாதியை வெட்டுங்கோ என்றான். நான் வெட்டவில்லை. அப்படியென்றால் தன் பேரில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறான். எனக்கு அதை எழுத விருப்பமில்லை, ஆனால் அவனுக்காக எழுத வேறு ஆள் இல்லாதபடியால் அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஐயா, எஞ்சின் அடிக்குதெண்டு அண்டைக்கு நான் இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லியிருக்க வேணும். பிழை என்னிலயும் இருக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இறைவன் உம்மையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். இன்றைக்கு ஆகஸ்ட் பதினெட்டு. இது போய்ச் சேரப் பத்து நாள், உம்முடைய தபால் வந்து சேரப் பத்து நாளாவது எடுக்கும்.

ஸெய்னுதீன்