சனிக்கிழமை வீடு

ராயபுரம்
14 ஜூலை 2025

என் செங்கொடிக்கு,

மதுரை வெயில் உன்னை வாட்டாமல் இருக்கட்டும். போன் செய்யாமல் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். எங்கள் வீடு ஒரே அறை. கட்டிலில் கிடக்கும் என் வீட்டுக்காரர் காதில் விழாமல் நான் அங்கே பெருமூச்சுகூட விட முடியாது. அதனால்தான் வேலை முடிந்தபின் பள்ளி அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் பள்ளி விலாசத்துக்கே போடு.

முதலில் நன்றி. உங்கள் மறுவாழ்வு மருத்துவச் சங்கத்தின் தொண்டர் குழுவுக்கு நீ செயலாளராக இல்லாவிட்டால், எங்கள் வீடு 'சனிக்கிழமை வீடு' ஆகியிருக்காது. பிசியோதெரபி படிக்கும் மகிழினியும் டில்லிபாபுவும் சனிக்கிழமைதோறும் பயிற்சி கொடுக்க வருவதில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தால் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள். லியோனார்ட் வெள்ளிக்கிழமையே ஷேவிங் செட்டை எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார். துறைமுகத்தில் கன்டெய்னர் மேலிருந்து விழுந்து கால் விளங்காமல் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்தப் பிள்ளைகளிடம்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது சனிக்கிழமைகளில் எனக்கும் மறந்துபோகிறது.

போன வாரம் டில்லிபாபு அவர் கைப்பிடியைச் சோதித்தான்.

"அங்கிள், வுடுங்க, வெரலு ஒடஞ்சிரும்."

"லாஷிங் கை நைனா இது. கப்பல்ல பொட்டிங்கள கட்டிப் போட்ட கை. அவ்ளோ சீக்கிரம் உன்ன வுட்டுருவனா?"

அப்படிப்பட்ட கைதான், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரைக் கொண்டுபோக மட்டும் மறுக்கிறது. காலையும் மாலையும் நான்தான் தூக்குகிறேன். இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்க மகிழினி சொல்லிக் கொடுத்தாள். அவர் அதைக் கட்ட விடுவதில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். நான் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணும்போது காதருகே, "இன்னா மேரி, டான்ஸ் ஆடப் போறமா?" என்பார். மூன்று சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பும்.

ஸ்கேன் எடுத்தேன். டிஸ்க் நகர்ந்திருக்கிறதாம். இனி தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். குடத்தை விட்டுவிடலாம். இவரை என்ன செய்வது? நானும் படுத்துவிட்டால் இந்த வீட்டில் ஒரு டம்ளர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அவராக மாறி உட்கார வேறு ஏதாவது பயிற்சி இருந்தால் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
அடைக்கலமேரி


மதுரை
22 ஜூலை 2025

அடியே மேரி,

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளிடம் கெஞ்சுவது என்ன பழக்கம்? முதலில் நீ தூக்குவதைக் குறை. பெல்ட் இல்லாமல் தூக்கவே தூக்காதே. இதை டாக்டராகச் சொல்கிறேன்.

மகிழினி அனுப்பும் குறிப்புகளை எல்லாம் படித்தேன். எனக்கே புரியவில்லை. கை பலம் இருக்கிறது, உட்கார்ந்தால் சாய்வதில்லை. கையை ஊன்றி மாறுவது இந்நேரம் வந்திருக்க வேண்டும். விழுந்தவருக்கு மறுபடி விழுவோமோ என்ற பயம் இருக்கும். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உன்னிடம் மறைக்கக் கூடாது. எங்களிடம் மாணவர்கள் குறைவு. பரீட்சை வந்தால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம், நான் கொண்டுவந்த விதிதான். ஒருவர் தானாக நாற்காலிக்கு மாறிவிட்டால் அந்த வீட்டை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். கொருக்குப்பேட்டை ஜெயவேல் வீடு அப்படித்தான் முடிந்தது. நெடுநாள் முன்னேற்றமே இல்லாவிட்டாலும் குழு கேள்வி கேட்கும். உங்கள் வீட்டைப் பற்றி அக்டோபர் கூட்டத்தில் கேட்பார்கள். உங்கள் பக்கம் மாத்தூரில் மெஹ்னாஸ் என்று ஒரு பெண், கல்லூரி மாணவி. லாரி இடித்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவள் காத்திருக்கிறாள்.

லியோனார்ட் அண்ணனுக்குத் தைரியம் சொல். உன் முதுகை எனக்காகவாவது பார்த்துக்கொள்.

உன்
செங்கொடி


ராயபுரம்
9 செப்டம்பர் 2025

செங்கொடி,

இதை டாக்டராகப் படிக்காதே. செயலாளராகவும் படிக்காதே.

நேற்று எங்கள் பழைய தலைமை ஆசிரியை இறந்துவிட்டதால் பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். காலையில் பள்ளிக்குப் போகும்முன் வழக்கம்போல் அவரைத் திரும்பக் கட்டிலில்தான் படுக்க வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஹார்பர் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"யாரு தூக்கினா?" என்றேன்.

"யாரும் இல்ல."

"எவ்ளோ நாளா?"

"ஈஸ்டர்லேர்ந்து."

பையைக் கீழே வைத்தேன். வைக்கும்போதே இடுப்பில் அந்தக் குத்தல். "அப்பலேர்ந்து நா தூக்கிக்கினு கீறேனே," என்றேன்.

"தெரியும்."

"என் இடுப்பு ஒடஞ்சி போச்சே, அதுவும் தெரியுமா?"

அப்போதுதான் திரும்பினார். "ஜெயவேல் எய்ந்து குந்திக்கினான். கை தட்னாங்க, கேக்கு வெட்னாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து எவனும் அந்த வூட்டுப் பக்கம் வர்ல. டில்லிதான் சொன்னான். சேர்ல குந்திக்கினு நா எங்க மேரி போறது? ரெண்டாவது மாடி. இந்த ஜன்னலு வரிக்கும் போலாம். அதுக்கு அந்தப் புள்ளைங்கள வுட்டுக் குடுக்கணுமா?"

எங்கள் வாரியக் குடியிருப்புப் படிக்கட்டு உனக்குத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் கடைசியாகத் தெருவைத் தொட்டது ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில்.

கோபம் வரவேண்டும்தானே? வந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். நான் வலியில் முனகியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். சாயங்காலம் அவர் கட்டிலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தது. கையை ஊன்றவில்லை. என்னைப் பார்த்தார். நான் போய்க் குனிந்தேன். கழுத்தைக் கட்டிக்கொண்டார். டான்ஸ் பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் தெரிந்தே அதைச் செய்தோம். ஏன் குனிந்தேன் என்று என்னைக் கேட்காதே.

உன்னிடம் கேட்பது இதுதான். அந்தப் பிள்ளைகள் படிப்பு முடிந்து போகும்வரை தெரியாததுபோல் இருந்துவிடு. எழுந்தாலும் வீட்டை முடிப்பீர்கள், எழாவிட்டாலும் முடிப்பீர்கள். அக்டோபர் கூட்டத்தில் நீ ஒரு வார்த்தை சொன்னால் தள்ளிப்போகும். நான் தூக்குவேன். சனிக்கிழமை போய்விட்டால் அவர் எதற்காகக் காலையில் கண் விழிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை, செங்கொடி. நான் மட்டும் அதற்குப் போதவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மேரி


மதுரை
19 செப்டம்பர் 2025

அன்புள்ள மேரி,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வார்டு வார்டாக அலைந்தேன். செயலாளராகப் படிக்காதே என்றாய். முயன்று பார்த்தேன்.

மெஹ்னாஸுக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது. எலும்பு தெரியும் அளவுக்கு. திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் போயிருந்தால் வந்திருக்காது. இனி நான் தெரியாததுபோல் இருந்தால் அந்தப் புண்ணில் என் கையும் இருக்கும்.

உங்கள் வீட்டை முடித்துவிட்டேன். அண்ணன் மறைத்ததைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இப்போதுதான் அவருக்கு வந்திருக்கிறது என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த வாரம் சனிக்கிழமை வருவார்கள், விடைபெற. பிறகும் நேரம் கிடைத்தால் எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மாடிப்படியைப் பற்றி எங்கள் விதியில் ஒரு வரிகூட இல்லை. அது என் புத்தியில் உறைக்கவே இல்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவேன். அது உங்களுக்கு உதவாது என்று தெரியும்.

உன் முதுகையாவது காப்பாற்றினேன் என்று என்றாவது நினைப்பாயா?

செங்கொடி


ராயபுரம்
26 அக்டோபர் 2025

செங்கொடிக்கு,

கேக் வந்தது. வெள்ளை கிரீம், மேலே அவர் பெயர். மகிழினி மாறிக் காட்டச் சொன்னதும் அவர் ஒரு தரம்கூடத் தயங்காமல் கையை ஊன்றி நாற்காலிக்கு மாறினார். கை தட்டினார்கள். மாணவர் குழுவில் போட்டுக் காட்ட வேண்டும் என்று டில்லிபாபு வீடியோ எடுத்தான். "இன்னொரு தபா அங்கிள், வெளிச்சம் பத்தல," என்றான். அவர் கட்டிலுக்குப் போய் இன்னொரு தரம் மாறிக் காட்டினார். சிரித்துக்கொண்டே, "சினிமாக்காரனா ஆக்கிட்டியே நைனா," என்றார்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும், "நீ சொன்னியா?" என்றார்.

"செங்கொடிக்கு எழுதினேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் பிறகு வரவில்லை. பரீட்சையும் மாத்தூரும் அவர்களுக்குச் சரியாக இருக்கிறது. மகிழினி போன் செய்தாள். மெஹ்னாஸின் புண் ஆறிவருகிறதாம். கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நீ செய்ததில் ஒரு தப்பும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு இருந்தால் உன்னோடு சண்டை போட்டுச் சமாதானமாகியிருப்பேன்.

அவர் இப்போது எல்லாம் தானாகவே செய்துகொள்கிறார். நான் எழுவதற்குள் நாற்காலியில் இருப்பார். படுக்கும்போது நான் பாத்திரம் கழுவப் போகும் நேரம் பார்த்து மாறிவிடுவார். கடைசியாக எப்போது அவர் கை என் மேல் பட்டது என்று யோசித்தேன். நீ விசாரிப்பாய் என்று எழுதுகிறேன்: முதுகு வலி மிகவும் குறைந்துவிட்டது.

இனிமேல் பள்ளி விலாசத்துக்கு எழுத வேண்டாம். மறைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கும் இப்போது எழுதாதே. நானாக எழுதும்வரை காத்திரு. எழுதாமலும் போகலாம்.

நேற்று சனிக்கிழமை. நான் எடுத்து வைக்காமலே ஷேவ் செய்து, சட்டை மாற்றி, கதவைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் யாரோ ஏறிவந்து எதிர்வீட்டுக்குள் போனார்கள். மத்தியானமானதும் நாற்காலியை இழுத்தார். நான் அதற்குமுன் போய் அவர் எதிரே குனிந்து, அவர் கையை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "ஒண்ணு," என்றேன்.

கையை மெதுவாக விலக்கிக்கொண்டார்.

"முதுகு நோவும் உனுக்கு. போ," என்றார்.

அடைக்கலமேரி