நாய்க்கு வாசித்த சனிக்கிழமை

அன்பின் உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். கனடாவில் பனி கொட்டுகிறது. அல்லாஹ்வின் கிருபையால் என் மூக்கு மட்டும்தான் ஒழுகுகிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி?

இங்கே பொது நூலகத்தில் குளிர்காலம் முழுக்க இலவச வகுப்புகள். சனிக்கிழமை ஆங்கிலம் வாசித்துப் பழகப் போனேன். நாம் வாசிப்பதைக் கேட்பதற்கு ஒரு நாயை உட்கார வைத்திருந்தார்கள்! சிரிக்காதாம், பிழை பிடிக்காதாம். கதிரையைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். கண்ணெடுக்காமல் கேட்டது. இந்த ஊருக்கு வந்தபிறகு நான் சொல்லத் தொடங்கியதை முடியும்வரை கேட்டது அது மட்டும்தான்.

பிறகு எழும்பி வந்து, ஈர மூக்கை என் காற்சட்டையில் வைத்துவிட்டது. "மகன், நாய்ட ஈரம் பட்டா ஏழு தரம் கழுவணும், ஒரு தரம் மண் போட்டுக் கழுவணும்" என்பீர்களே! இங்கே மண்ணெல்லாம் பனிக்குக் கீழே. சவர்க்காரம் போதுமா என்று நம் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும், மச்சான் ஜிப்ரி இங்கே வரும்போது பாலாவியில் நம் வீட்டு முற்றத்து மண் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வருகிறது, நிறுத்துகிறேன். ஒரு பிடி மண் போதாது உம்மா. குளிர் முடியும்வரை எல்லாச் சனிக்கிழமைக்கும் பேர் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மகன்,
நிப்ராஸ்