சிவப்புப் பென்சிலும் மணியக்காவின் அறையும்

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் படுக்கும் முன் சமாதானமாகி, நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். உன் அப்பாவுக்குத்தான் தீர்க்கதரிசனக் காய்ச்சல். காரணம் நீ. ஒரு பெட்டி சிவப்புப் பென்சில் அனுப்பினாயே, அதை வைத்துக்கொண்டு தீர்க்கதரிசிகளின் ஆகமங்களில் இயேசு எங்கே இருக்கிறார் என்று தேடித் தேடிக் கோடு போடுகிறார். யோனாவின் மீன் வயிறு கல்லறை, சரி. சகரியாவின் கழுதை, அதுவும் சரி. எரேமியாவைத் துரவிலிருந்து தூக்கிய கயிறு உயிர்த்தெழுதலாம், அவர் அக்குளில் வைத்த கந்தல் கல்லறைத் துணியாம். இப்போது ஆமோஸ் பார்த்த பழக்கூடைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். என் வகுப்பில் ஒருத்தி பாடம் முழுக்க அடிக்கோடு போட்டு வைப்பாள், எது முக்கியம் என்றால் எல்லாம்தான் டீச்சர் என்பாள். அவள் ஞாபகம்தான் வருகிறது. நம்பிக்கையில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே, ஏசாயாவில் அடிபட்டும் வாய் திறக்காத அந்த ஊழியரைப் படித்தால் எனக்கும் அவர் முகம்தான் தெரிகிறது.

அப்பாவின் வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது, ஒரு நூலகம் வேண்டுமாம். கோவிலின் பின்னறையைக் காலி செய்யச் சபை முடிவெடுத்தது, செயலாளர் உன் அப்பா. அங்கேதான் நம் மணியக்கா குடியிருந்தார், புருஷன் செத்த பிறகு அவர் செய்த மணியடிக்கும் வேலையைச் செய்துகொண்டு. அலமாரி எங்கெங்கே வர வேண்டும் என்று அதே சிவப்புப் பென்சிலால் படம் போட்டார் இவர். நான் அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் எழுந்தேன். இயேசுவே ஜெபாலயத்தில் ஏசாயாவை வாசித்து, இது இன்றைக்கு நிறைவேறிற்று என்றாரே, அந்த இடம் எது என்று கேட்டேன். தரித்திரருக்கு நற்செய்தி, இரண்டு கோடு போட்டிருக்கிறேன் என்றார் பெருமையாக. ஞாயிறுக்குள் காலி பண்ணு என்பதுதான் அந்த நற்செய்தியா என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் இருமினார். அது ஆவிக்குரிய தரித்திரம் என்று இவர் விளக்கினார். மணியக்காவின் பெட்டி மட்டும் ஆவிக்குரியதாக இல்லை, நல்ல கனம். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உன் அறைக்குக் கொண்டுவந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி கேட்டால்தான் இவர் சட்டை மாட்டுவார், உனக்குத் தெரியும். சபை முழுக்க அப்படித்தான். இந்த ஞாயிறு மணியே கேட்கவில்லை. அக்காவுக்கு என்ன ஆச்சு என்று சத்தம் போட்டார். உன் அறையிலிருந்து மணியக்கா எட்டிப் பார்த்து, கயிறு அந்த அறைக்குள்ளதானே தொங்குது, பூட்டி சாவியை நீங்கதானே ஐயா வாங்கிட்டுப் போனீங்க என்றார். பனியனோடு ஓடிப் போய் இவரே அடித்தார், தீப்பிடித்தது போல. போதகர் வாளியோடு வெளியே வந்துவிட்டார்.

சபை முடிவை இன்னும் மாற்றவில்லை, நானும் என் முடிவை மாற்றவில்லை. சாவி இவர் பையில், அக்கா உன் கட்டிலில். நீ வந்தால் கூடத்தில் படுத்துக்கொள், முகம் சுளிக்காதே. இனிப் பென்சில் அனுப்பாதே, கனமான போர்வை ஒன்று அனுப்பு, அக்காவுக்குக் குளிர் ஆகாது. கர்த்தர் உங்கள் இருவரையும் கண்ணின் மணியாகக் காக்கட்டும். அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார், தலை நிமிராமல் ஆமோஸில் தேடிக்கொண்டிருக்கிறார். இவர் தேடுகிற ஆள் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும், கெட்டிக்காரர்தானே.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா