ஏரிக்குப் போகாத ஆரத்தி

மச்சான்,

இன்று காலை அக்காவும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு வந்தார்கள். அம்மா தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்தாள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்து சிவந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். நீ இறந்து எட்டு மாதம்.

இதே சிவப்பு, அக்காவின் கல்யாணத்தன்று. நம் அடுக்ககத்தின் வாசலில் அம்மா கொட்டிய ஆரத்தியை வாட்ச்மேன் ஹோஸ் பிடித்துக் கழுவிவிட்டார். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு கம்பிச் சல்லடை. அதற்குள் போனது. நீ பின்மதிலருகே பீடா மென்றபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மச்சான், ஓடியாடா! உங்க அக்கா ஆரத்தி ஏரில கீது!"

ஓடினோம். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையும். மதிலுக்கு அடியில் இருந்த குழாயிலிருந்து சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஏரித் தண்ணீரில் இரண்டு நாமக்கோழிகள்.

அந்தச் சல்லடை கழிவுநீர்த் தொட்டிக்குப் போகிறது என்றே அதுவரை நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையில்தான் ஆயுத பூஜைக்கு எல்லாக் கார்களையும் ஷாம்பு போட்டுக் கழுவினோம். தரையில் சொட்டிய ஆயிலை மழை கழுவிக்கொண்டு போனபோது, சுத்தமாச்சு என்றோம். ஏரியைப் பார்ப்பதற்கென்றே வாங்கிய வீடுகள்.

நீ சிரிப்பை நிறுத்தினாய். "அப்போ இத்தினி வருஷமா?"

தாம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தவன் நீ. யார் வீட்டுக்குப் போனாலும் தரையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்ப்பாய், எந்தப் பக்கம் சரிகிறது என்று. "ஊத்திப் பாரு, அதுவே சொல்லும்."

சல்லடைக்கு முன்னால் ஒரு பாத்தி என்றாய். ஜல்லி, மணல், கல்வாழை. மழைநீர் அதில் இறங்கி அழுக்கை விட்டுவிட்டுப் போகட்டும். அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் சார் இரண்டு பைக் நிற்கும் இடம் தந்தார். "ஒரு மழை பாப்பேன். தண்ணி நின்னா கொசு. அப்புறம் சிமெண்ட் போட்டு மூடிடுவேன், சொல்லிட்டேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. சுற்றிலும் செங்கல். முழங்கால் உயரத்துக்கு மண். அழகு. போட்டோ எடுத்தோம்.

மழை வந்தது. தண்ணீர் செங்கல் வரை வந்தது. யோசித்தது. பாத்தியைச் சுற்றிக்கொண்டு நேராகச் சல்லடைக்குப் போனது. நமக்குத் தெரிந்த தோட்டமெல்லாம் மேடு. மேடாகவே கட்டியிருந்தோம்.

பால்கனியிலிருந்து செயலாளர். "ஏம்பா டைல்ஸ்காரரே! தண்ணி மாடிப்படி ஏறுமா?"

அடுக்ககமே சிரித்தது. அதிகம் சிரித்தவன் நீ. மழையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "ஊருக்கே வாட்டம் பாத்துக் குடுக்கறேன், சார். என் வூட்டு வாசல்ல கோட்ட வுட்டேன்!"

பிறகு எழுந்து மண்வெட்டி எடுத்தாய். அவர் சொன்ன அந்த ஒரு மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. செங்கல்லைப் பிடுங்கினோம். மேட்டைப் பள்ளமாக்கினோம். செயலாளர் குடையோடு இறங்கி வந்தார். சற்று நேரம் பார்த்தார். குடையை மடக்கிவிட்டு மண் அள்ளும் சட்டியைத் தூக்கினார். சாயங்காலம் மழை விட்டது. பள்ளத்தில் நின்ற தண்ணீர் மெல்ல இறங்கியது.

"குடிக்குது பாரு, மச்சான். குடிக்குது!"

சிமெண்ட் வரவில்லை. கார்களை இப்போது ஒரு பக்கெட்டும் ஈரத்துணியும் வைத்துத் துடைக்கிறோம். ஷாம்பு இல்லை. போன வாரம் மேடவாக்கத்தில் ஒரு நண்பனின் புது ஃபிளாட். உள்ளே போனதும் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்துத் தம்ளரில் தந்தார்கள். பால்கனித் தரையில் ஊற்றினேன். உன்னிடமிருந்து தொற்றியது. விடவில்லை.

இன்று அம்மா வழக்கம்போல் வாசலில்தான் ஆரத்தியைக் கொட்டினாள். வாட்ச்மேன் ஹோஸ் பிடித்தார். சிவப்பு நெளிந்து வந்து ஜல்லிக்குள் இறங்கியது. கல்வாழை பூத்திருக்கிறது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்மதிலுக்கு ஓடினேன். பின்னாலேயே அக்கா, மாப்பிள்ளை, மூச்சு வாங்க செயலாளர்.

"வருதா?"

"வரல, சார்."

குழாய் காய்ந்து கிடந்தது. யாரும் நகரவில்லை. ஒன்றும் வராததைப் பார்க்க இத்தனை பேர், மச்சான். உன் இடத்தில் நான் நின்றேன்.