மேலே கேட்டிருக்கிறோம்

போர்கோ வெக்கியோ,
பலேர்மோ.
3.11.1996

இயேசு மரி சூசை

அன்பு மச்சாள் அனிற்றாவுக்கு,

நீங்களும் அண்ணரும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம், ஆனால் கோபத்தோடு சுகம். மீனவர் சங்கத்து லொறியில் தினமும் தபால் கந்தோரைத் தாண்டிப் போகிற அண்ணருக்கு, இறங்கி ஒரு முத்திரை வாங்க நேரமில்லையாம். அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே புதினம் என்னவென்றால், பீலிக்ஸைப் பட்டாளத்துக்கு எடுத்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், இது இந்த நாட்டுப் பட்டாளம். ஆண்பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் போய்வர வேண்டும். தகப்பன் சிசிலிக்காரன் என்றபடியால் இவனுக்கும் அழைப்பு வந்தது. நான் நீனோவோடு நல்ல சண்டை. "இருபது வருசமா உன்ர ஊர்ச் சனத்தின்ர வீடு துடைச்சது காணாதோ? பிள்ளையையும் குடுக்கவேணுமோ?" என்று கேட்டேன். மனிதன் சிரிக்கிறார்.

இந்தப் பட்டாளத்தில் யார் யாருக்குச் சொல்வது என்று கேட்டேன். சந்தையில் தன் மீன் மேசையிலேயே அடுக்கிக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாள்மீன், அது பாதுகாப்பு மந்திரி. துவக்குப் பிடிக்கத் தேவையில்லை, கோட் போட்டால் போதும். அவருக்குக் கீழே தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை என்று பெரிய தளபதிமார். பிறகு மாகாணத் தளபதி, கேணல், கப்டன், சார்ஜன்ட். கடைசியில் ஒரு நெத்தலியை வைத்து, "இதுதான் உன்ர மகன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாலு வருடத்துக்கு முன் மாபியாக்காரர் நீதவான்மாரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு இங்கே தெருக்களிலும் பட்டாளம் நிற்கிறது. அவர்கள் பாதுகாப்பு அமைச்சின் ஆட்கள்தான், ஆனால் தெருவில் நிற்கும்வரை பிரெபெத்தோ சொல்வதைக் கேட்க வேண்டும். பிரெபெத்தோ என்றால் எங்கள் மாவட்டக் கச்சேரியில் இருக்கிற அரச அதிபர் மாதிரி. அரச அதிபர் சொல்லிப் பட்டாளம் கேட்கிறது! அண்ணரிடம் சொல்லுங்கள், நம்பமாட்டார்.

பீலிக்ஸின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு படம் எடுத்தவன். மற்றதில் அவனுடைய படைப்பிரிவின் தொப்பி, பக்கவாட்டில் ஒரு பெரிய கொத்துச் சேவல் இறகு. அதை அனுப்பினால் ஊரே சிரிக்கும். அதனால் தொப்பியில்லாமல், பச்சைப் புள்ளி உடுப்போடு துவக்குப் பிடித்து நிற்கிற படத்தை அனுப்புகிறேன். எங்கள் ஐயாவின் முகத்தை அப்படியே உரித்து வைத்திருக்கிறான், பாருங்கள்.

என்றும் மாறாத மச்சாள்,
செலஸ்ரீனா

•

மன்னார்.
9.1.1997

செலஸ்ரீனாவுக்கு,

கொழும்புக்குப் போகிற சிஸ்டர் ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள், அதனால்தான் இப்படிக் கொடுத்து வாய் திறந்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை.

நீர் அனுப்பிய படத்தால் உம்முடைய அண்ணரைப் பிடித்துவிட்டார்கள்.

படம் வந்த நாளிலிருந்து அதைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஐஸ் வாடியில், கோயிலடியில், சங்கத்தில், எங்கே நாலு பேரைக் கண்டாலும் எடுத்துக் காட்டுவார். "என்ர மருமகன். இத்தாலிப் பட்டாளம்." நான் சொன்னேன், "எடுத்து அலுமாரியில வையுங்கோ, உது இஞ்சை காட்டுற படமில்லை" என்று. கேட்டால்தானே! நத்தார்ப் பெருநாளுக்கு முந்திய கிழமை சோதனைச் சாவடியில் லொறியை மறித்து உடம்பைத் தடவியிருக்கிறார்கள். பொக்கற்றுக்குள்ளே ஒரு தமிழ்ப் பொடியன், புள்ளி உடுப்பு, கையில் துவக்கு. செலஸ்ரீனா, உமக்கு அந்த ஊரில் இருந்து மூளை மழுங்கிப் போய்விட்டதா? இங்கே அந்தப் படத்தைக் கண்டால் இயக்கப் பொடியன் என்றுதான் நினைப்பார்கள் என்று உமக்குத் தெரியாதா? சேவல் இறகைப் பார்த்து ஊர் சிரித்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்?

நான் முகாமுக்குப் போனேன். வாசலில் நின்ற சிப்பாய் கோப்ரலைக் கேட்கச் சொன்னான். கோப்ரல் லெப்டினன்டைக் கேட்கச் சொன்னான். லெப்டினன்ட் கப்டனைக் காட்டினான். கப்டனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். மரியாதையாகத்தான் கதைத்தான். படத்தைப் பிரிகேட்டுக்கு அனுப்பியாயிற்றாம், பிரிகேட் கொழும்புக்கு அனுப்புமாம், கொழும்பில் அந்த உடுப்பு எந்த நாட்டுடையது என்று பார்த்துச் சொல்வார்களாம். "மேல கேட்டிருக்கு அம்மா" என்கிறான். மேலே என்றால் எங்கே? யார்? பெயர் கேட்டால் கூரையைப் பார்க்கிறான்.

அவரைக் கண்ணில் காட்டவில்லை. உடுக்கச் சாறம் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன், அதையும் உதறிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது உம்முடைய மகன், அவன் அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருக்கிறான் என்று அங்கேயுள்ள பட்டாளத்திடமே ஒரு கடிதம் வாங்கி அனுப்பும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அனிற்றா

•

பலேர்மோ.
2.2.1997

இயேசு மரி சூசை

மச்சாள்,

என்னை ஏசுங்கள். நீங்கள் ஏசினதுதான் காணாது. உங்கள் கடிதத்தைப் படிக்கட்டில் நின்று வாசித்தேன். நீனோ வந்ததும் அவருக்கும் வாசித்துச் சொன்னேன்.

மறுநாளே, வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்காமல் பஸ் ஏறிப் பீலிக்ஸின் முகாமுக்குப் போனேன். கேணல் கதிரை தந்து, கோப்பியும் தந்து, எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர். அவருக்கே கண் கலங்கியது. பிறகு சொல்கிறார்: "சிஞ்ஞோரா, உங்கட மகன் என்னட்டைத்தான் இருக்கிறான். உண்மை. ஆனா இன்னொரு நாட்டுப் பட்டாளத்துக்கு எழுத எனக்கு அதிகாரமில்லை."

யாருக்கு அதிகாரம் என்று கேட்டேன். அவர் மாகாணத் தளபதிக்கு எழுத வேண்டும். அது றோமாபுரியில் தரைப்படைத் தலைமைக்குப் போகும். அங்கிருந்து பாதுகாப்பு மந்திரியின் கந்தோர். அங்கிருந்து வெளிநாட்டு அமைச்சு. அங்கிருந்து கொழும்பிலுள்ள தூதுவர். அவர் உங்கள் பக்கத்து மேலிடத்திடம் கொடுப்பார். பிறகு அது படிப்படியாக இறங்கி அந்தக் கப்டனுக்கு வரும். என் அண்ணரை விடுவிக்க ஒரு வரி எழுத்து இரண்டு நாட்டு அரசாங்கத்துக்குள்ளும் ஏறி இறங்க வேண்டுமாம்!

நான் மேசையில் அடித்தேன், மச்சாள். "என்ர பிள்ளையைக் கூப்பிடேக்கை ஒருதரையும் கேக்கேல்லை. வா எண்டு ஒரு துண்டு வந்தது, வந்திட்டான். இப்ப அவன் இஞ்சை நிக்கிறான் எண்டு சொல்ல மட்டும் உங்களுக்கு றோமாபுரி வேணுமோ?" கோபத்தில் பாதி தமிழில் கத்திவிட்டேன். வாசல் காவலன் ஓடி வந்தான். கேணல் அவனைப் போகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே எழுதி அனுப்புவதாக வாக்குத் தந்தார்.

அது வரும்வரை சும்மா இருக்க மாட்டேன். இறகுத் தொப்பிப் படத்தையும் எங்கள் பங்குச் சுவாமியார் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த விசரனும் அந்தத் தொப்பியோடு காட்டுக்குள் சண்டை பிடிக்க மாட்டான் என்று அந்தக் கப்டனுக்கே விளங்கும்.

செலஸ்ரீனா

•

மன்னார்.
17.3.1997

செலஸ்ரீனாவுக்கு,

உம்முடைய படத்தையும் சுவாமியாரின் கடிதத்தையும் கொண்டுபோய்க் கப்டனின் மேசையில் வைத்தேன். படத்தைப் பார்த்துச் சிரித்தான். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சிப்பாய் தலையில் கையை வைத்துச் சேவல் மாதிரி நடந்தும் காட்டினான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சரி, விடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துவிட்டுக் கப்டன் சொன்னான்: "எனக்கு முதல் நாளே தெரியும் அம்மா. உங்கட ஆள் நல்ல ஆள்."

"தெரிஞ்சுகொண்டோ வைச்சிருக்கிறியள்?"

"மேல கேட்டாச்சு அம்மா. கேக்காம இருந்தா அண்டைக்கே விட்டிருக்கலாம். கேட்ட பிறகு பதில் வராம விட ஏலாது."

செலஸ்ரீனா, அடித்தவனை, மிரட்டினவனை எல்லாம் நான் வெறுத்து முடித்துவிட்டேன். இவனை எப்படி வெறுப்பது என்றுதான் தெரியவில்லை. குற்றமில்லை என்று தெரியும், ஆனாலும் விடமாட்டான். ஏனென்றால் கேள்வி போய்விட்டது. சாவடியில் பிடித்தவன் கோப்ரலிடம் கேட்காமல் படத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கோப்ரல் விட்டிருக்கலாம். ஒவ்வொருவனும் தன் தலையைக் காக்க மேலே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, ஒரு மனிதனை உள்ளே இருத்திவிட்டுச் சோறு தின்கிறான்கள். யாரும் எங்கள் வீட்டுக்காரரைப் பிடித்து வை என்று சொல்லவில்லையாம்! யாருமே சொல்லாமல்தான் என் பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் இருக்கிறார்கள்.

நேற்று முதல்தரம் அவரைக் கம்பிக்கு அங்காலே காட்டினார்கள். மெலிந்துவிட்டார். "பீலிக்ஸுக்கு இது தெரியவேண்டாம்" என்றார்.

நான் சொல்கிறேன், தெரியட்டும்.

அனிற்றா

•

பலேர்மோ.
6.4.1997

மச்சாள்,

பாஸ்காப் பெருநாள் எங்களுக்கு இந்தமுறை இல்லை. கோயிலுக்குப் போனேன், கும்பிட வாய் வரவில்லை.

பீலிக்ஸுக்குச் சொல்லிவிட்டேன். அவனை இப்போது பலேர்மோவுக்கே அனுப்பி, ஒரு நீதவானின் வீட்டு வாசலில் காவலுக்கு விட்டிருக்கிறார்கள். வியா மக்வேதா தெருவில் வேலை முடிந்து போகிற வழியில் அவன் முன்னால் நின்று உங்கள் கடிதத்தை வாசித்தேன். "மாம்மா, காவல் நேரத்தில கதைக்க விடமாட்டினம்" என்றான். எனக்கு வந்த கோபத்தில், "நீயும் மேலே கேட்டுப்போட்டு அழு" என்றேன். துவக்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணீர் நாடியால் ஓடியது, கையை எடுத்துத் துடைக்கவில்லை. ஏன்தான் சொன்னேனோ என்று வீட்டுக்கு வந்து நானும் அழுதேன்.

காவல் முடிந்ததும் சார்ஜன்டிடம் போய், தன் மாமனுக்காகத் தானே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறான். சார்ஜன்ட் கப்டனிடம் கொடுத்தாராம். அதுவும் ஏறுகிறது. கேணலின் கடிதம் றோமாபுரியைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தது. எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் எனக்கு எழுதாமல் விட்டாலும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

செலஸ்ரீனா

•

மன்னார்.
25.5.1997

அன்பு செலஸ்ரீனாவுக்கு,

உம்முடைய அண்ணர் வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அதை வாசியும், பிறகு மிச்சத்தை வாசியும்.

உங்கள் கேணலின் கடிதத்தால் வரவில்லை. பழைய கப்டன் மாறிப்போக, புதிதாக ஒருவன் வந்தான். வந்த கிழமையே உள்ளே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறான். இவர் ஏன் இருக்கிறார் என்று கேட்டானாம். மேலே கேட்டிருக்கிறது என்று சொன்னார்களாம். "நான் கேக்கேல்லையே" என்று சொல்லிவிட்டு, கேற்றைத் திறந்து விட்டானாம். அவ்வளவுதான். ஒரு மனிதன் வாயைத் திறந்து சொன்னான், கேற் திறந்தது. இவ்வளவு நாளும் அதைத் திறக்க யாருக்கும் றோமாபுரியும் வேண்டியிருக்கவில்லை, கொழும்பும் வேண்டியிருக்கவில்லை.

கதை முடியவில்லை. போன கிழமை இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். மேலிடத்து உத்தரவு வந்துவிட்டதாம், இவரை விடச் சொல்லி! விடுவதற்கு ஆள் முகாமில் இருக்க வேண்டுமாம். ஆகவே ஒருதரம் வந்து இருந்து, கையெழுத்து வைத்து, விடுபட்டுப் போகட்டுமாம். இவர் எழும்பிச் சேட்டைப் போடத் தொடங்கினார். நான் வாசலில் குறுக்கே நின்றேன். "அவர் வரமாட்டார். நான் வாறன். என்னை வைச்சிருந்து விடுங்கோ" என்றேன். ஜீப்பில் நானே ஏறி இருந்தேன். முகாமில் போய் மரவாங்கில் இருந்தேன். கிளாக்கர் யோசித்தான், உள்ளே போய்க் கேட்டான். புதிய கப்டன் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து, "அம்மா, கையெழுத்தை வைச்சிட்டுப் போங்க" என்றான். ஜோக்கிம் என்று இவருடைய பெயர் இருந்த இடத்துக்கு நேரே என் கையெழுத்தை வைத்தேன். கொழும்புக் கணக்கில் அன்றைக்குத்தான் உம்முடைய அண்ணர் விடுதலை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு தேறுகிறது, சாப்பிடுகிறார். ஆனால் செலஸ்ரீனா, யார் உள்ளே வந்தாலும் எழும்பி நிற்கிறார். நான் தேத்தண்ணி கொண்டுபோனால் நிற்கிறார். சின்னவள் பள்ளிக்கூடத்தால் வந்தால், தான் பெற்ற பிள்ளைக்கு எழும்பி, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகாமில் காலடி கேட்டால் அப்படித்தான் நிற்கவேண்டுமாம். கதிரையில் இருங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார், இருக்கமாட்டார். சுவாமியார் சொல்லியும் இருக்கவில்லை. நிற்கச் சொல்லி எங்கிருந்தோ வந்த உத்தரவு அவருக்குள்ளே இறங்கிவிட்டது. இருக்கச் சொல்லி எவனும் உத்தரவு அனுப்பவில்லை.

உம்மில் எனக்குக் கோபம் போகவில்லை. பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பீலிக்ஸைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொடியன் எந்தத் தெருவில் நிற்கிறான், வெயிலா, குடிக்கத் தண்ணி கொடுப்பார்களா என்று.

அவனை ஒரு கடிதம் எழுதச் சொல்லும். தமிழ் எழுத வராவிட்டால் நீர் எழுதிக் காட்டும், அவன் தன் கையால் பார்த்து எழுதட்டும். உமக்கும் எனக்கும் கேட்காத மனிதன், ஒரு பட்டாளக்காரன் சொன்னால் கேட்பார் போலிருக்கிறது. நீட்டி எழுதத் தேவையில்லை. "மாமா, இருங்கோ" என்று மட்டும் எழுதட்டும்.

அன்புடன்,
மச்சாள் அனிற்றா