லென்ஸ் விஷயத்தில் ஒரு திருத்தம்

அன்புள்ள சின்னு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, இருமல் விட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இருமல் விடவில்லை என்றால் டாக்டரைப் பார், போனில் அடக்கி அடக்கிப் பேசாதே, மற்றவர்கள் மறைத்ததைத் தோண்டி எடுத்து முப்பத்தொரு வருஷம் பத்திரிகையில் சம்பளம் வாங்கியவள் நான். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. தானே சரிசெய்ததாக அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், உண்மையில் பிளம்பர் வந்து சரிசெய்தார், அப்பா டார்ச் பிடித்தார். மாடிவீட்டு நர்ஸ் பன்னிரண்டு நாள் பயிற்சிக்காக நாளை வியாழக்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் கையில்தான் இந்தப் பெட்டியையும் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியைத் திறந்ததும் உனக்குக் குழப்பமாக இருக்கும், போன கடிதத்தில் எதை வாங்காதே என்று எழுதினேனோ அதே லென்ஸ்தான் உள்ளே இருக்கிறது. திங்கட்கிழமை ‘எதையும் வாங்காதே, கடிதம் வருகிறது’ என்று மட்டும் செய்தி அனுப்பியதும் இதற்காகத்தான். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது, தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே இடத்தில் திருத்தம் வர வேண்டும். என் தவறு கடிதத்தில் வந்தது, எனவே திருத்தமும் கடிதத்தில்.

வரிசையாகச் சொல்கிறேன். உனக்கு லென்ஸ் இரவல் கொடுத்திருந்த உன் பத்திரிகை அலுவலகத்து மூத்த போட்டோகிராபர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், லென்ஸ் அவருடைய சொந்தப் பொருள், அவரோடு போய்விடும், அடுத்த மாதம் எட்டாம் தேதி பெண்கள் கூடைப்பந்து இறுதிச்சுற்று தொடங்குகிறது, முதல்முறையாக முழுப் பொறுப்பும் உன்னுடையது, கையில் ஒழுங்கான லென்ஸ் இல்லையென்றால் ஆசிரியர் அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று எழுதியிருந்தாய். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் கைக்கு எட்டாது, வெளிக் கம்பெனிகள் செய்வதில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஆனால் இங்கே எந்தக் கடையிலும் பெட்டியைப் பிரித்துக்கூடக் காட்ட மாட்டேன் என்கிறார்கள், நம் தெருமுனைக் கடையில் மாட்டிப் பார்க்க விடுவார்களே, நான் விட்டுவந்த பழைய கேமராவில் அது பொருந்துமே, பார்த்துச் சொல்லம்மா என்றாய். ஒன்று எழுபது-இருநூறு மில்லிமீட்டர் ஜூம், எவ்வளவு இழுத்தாலும் வெளிச்சம் நுழைகிற திறப்பு சுருங்காமல் இரண்டு புள்ளி எட்டிலேயே நிற்கும், கையில் எடுத்தால் செங்கல் கனம். இன்னொன்று நூறு-நானூறு, கனம் குறைவு, தூரத்தில் இருப்பதை இன்னும் கிட்டே கொண்டுவரும், ஆனால் இழுக்க இழுக்கத் திறப்பு சுருங்கி வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். இரண்டையும் பார்த்துவிட்டு, எழுபது-இருநூறில் முழு நீளத்துக்கு இழுத்தால் படம் ஆடுகிறது, எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது, அதைத் தொடாதே, நூறு-நானூறை வாங்கு என்று மூன்று பக்கம் எழுதினேன். அதில் ஓர் இடத்தில்கூட ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று எழுதவில்லை, அவ்வளவு உறுதி.

நான் எப்படிச் சோதித்தேன் என்பதை அப்போது எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். நூறு-நானூறைக் காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் நல்ல வெயிலில் பார்த்தேன். எழுபது-இருநூறு அப்போது வேறொருவர் கையில் இருந்தது, அதனால் மாலை ஐந்தரைக்குத் திரும்பப் போய், வெளிச்சம் இறங்கிய பிறகு பார்த்தேன். ஒரு சாட்சியை வெயிலில் நிறுத்தியும் இன்னொரு சாட்சியை இருட்டும் நேரத்திலும் விசாரித்துவிட்டு இரண்டாமவர் உளறுகிறார் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன். பயிற்சிக்கு வந்த நிருபர் யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்த வாரம் முழுக்க வானிலைச் செய்தி எழுத வைத்திருப்பேன். இன்னொன்றும் உண்டு. லென்ஸின் இடது பக்கத்தில், கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது, அதை நானே அணைத்தேன். கடைக்காரர் “அது ஆன்லயே இருக்கட்டும் மேடம்” என்றார், நான் “அதெல்லாம் கை நடுங்கறவங்களுக்கு” என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேருக்கும் நன்றாகவே கேட்டிருக்கும்.

உனக்கு எழுதிப் போட்ட பிறகு, இப்படி ஒரு சரக்கை விற்கலாமா என்று கேட்டுவிட்டு வரலாம் என்று சனிக்கிழமை மாலை மறுபடி கடைக்குப் போனேன். அவர் எதிர்த்துப் பேசாமல் அதே லென்ஸில் இன்னொரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார், அதிலும் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன், படம் ஆடியது, மூன்றாவதைக் கொடுத்தார், அதிலும் ஆடியது. கடையின் பின்மேசையில் ரிப்பேர் பார்க்கும் ‘திருகாணி’யை உனக்கு நினைவிருக்கும், எங்கள் அலுவலகக் கேமராக்களை எல்லாம் பிரித்துப் பூட்டியவர். அவர் மேசையை விட்டு எழுந்து வந்து “ஏன்க்கா, மூணு லென்ஸும் பேசி வச்சுக்கிட்டா கெட்டுப்போகும்?” என்றார். ஒரு துண்டை நாலாக மடித்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து, அதன்மேல் கேமராவை வைத்து, கை படாமல் டைமரில் எடுத்தார். எதிர்வரிசை எலக்ட்ரிக் கடைப் பலகையின் அடியில் பொடியாக எழுதியிருந்த போன் நம்பர் ஒவ்வோர் எண்ணாகப் பளிச்சென்று விழுந்தது, படத்தின் நாலு மூலையும் சுத்தம். பிறகு கையில் பிடித்து, நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தார், அப்போதும் சுத்தம். அப்புறம் அதே வேகத்தில் என்னை எடுக்கச் சொன்னார். நான் எடுத்ததில் நம்பரே இல்லை, வெள்ளைக் கோடுகள்தான் இருந்தன. அவர் தனக்கு வேண்டாத ஒரு ஸ்க்ரூடிரைவரைத் திரும்பி நின்று கொஞ்ச நேரம் தேடினார். பிறகு கையை நீட்டி அந்த ஸ்விட்சை மட்டும் தள்ளிவிட்டு “இப்ப எடுங்கக்கா” என்றார். எடுத்தேன், ஓர் எண் விடாமல் தெளிவாக வந்தது. சந்தோஷத்தில் “பாத்தீங்களா, தங்கமான லென்ஸுக்கா இது! உங்க கையிலயே நிக்குதுன்னா...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் கடைக்காரர் சிரித்தார். அவரிடம் அந்த நாலு பேருக்குக் கேட்ட அளவு சத்தத்திலேயே மன்னிப்புக் கேட்டேன், அப்போது கடையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அதற்கு நான் என்ன செய்ய.

அந்த லென்ஸையே உனக்காக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் என் கை ஆடுகிறது என்றேன். பேப்பரை இறக்காமலே “ம்” என்றார். எத்தனை நாளாகத் தெரியும் என்றேன், ஆறு மாதமாக என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு “சொன்னா நம்பற ஆளா நீ? ஆதாரம் எங்கேன்னு கேப்பே” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆறு மாதமாக அவர் எனக்கு முக்கால் கப் டீதான் ஊற்றித் தருகிறார். டீயில்கூடவா இவ்வளவு கஞ்சத்தனம் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன், போன மாதம் உன்னிடம் போனில்கூடச் சொல்லிக்காட்டினேன். மறுநாளும் மனுஷர் அதே முக்கால் கப்தான் ஊற்றினார்.

நீ பயப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன், திங்கட்கிழமையே டாக்டரைப் பார்த்தோம். கைகளை நீட்டச் சொன்னார், காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார், நேர்கோட்டில் நடக்க வைத்தார். எதையாவது பிடிக்கும்போது மட்டும் வருகிற நடுக்கம், வயதோடு சிலருக்கு வருவது, நீங்கள் பயந்துகொண்டு வந்த நோய் இல்லை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்ப்போம் என்றார். அங்கேயே நோட்டில் குறித்துக்கொண்டேன், இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. கையை விட்டுவிட்டு, ‘லென்ஸ் நல்லதுதான், தவறிப் பார்த்துவிட்டேன்’ என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். அப்படி ஒரு தாள் எழுதி, மடித்துப் பெட்டிக்குள் வைத்தும்விட்டேன். பிறகு எடுத்துக் கிழித்துப் போட்டேன். காரணம் சொல்லாமல் போடுகிற திருத்தத்தை நான் வேலையில் இருந்தபோது ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தவிர, நான் கையை மறைத்தால் நீ இருமலை மறைப்பாய், அப்புறம் நாம் போனில் எதைப் பேசுவது.

இனி லென்ஸ். நீ விளையாட்டை எடுக்கப்போவது கூரை போட்ட அரங்கில், மங்கலான விளக்கில். ஓடிவருகிற பெண்ணை அந்த ஸ்விட்ச் படத்தில் அசையாமல் நிறுத்தாது, அது உன் கையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். அவளை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும், அதனால்தான் இரண்டு புள்ளி எட்டு, அதனால்தான் இந்தச் செங்கல். நூறு-நானூறு மைதானத்தில் பகல் ஆட்டத்துக்கு நல்ல லென்ஸ், அதன்மேல் எனக்குக் குறையில்லை, ஆனால் என் பேச்சைக் கேட்டு நீ அதை வாங்கிக்கொண்டு எட்டாம் தேதி அந்த அரங்குக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டி வந்த அன்றே முழுத் திறப்பில் ஒரு சமமான சுவரை நேராக எடுத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பார், பயணத்தில் இடிபட்டு ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால் நர்ஸ் திரும்பும்போதே கொடுத்துவிடு, கடைக்காரர் மாற்றித் தருவதாக எழுதியே கொடுத்திருக்கிறார். பயிற்சி ஆட்டத்துக்குப் போய் உன்னை நோக்கி ஓடிவருகிறவளைத் தொடர்ந்து எடுத்து, எத்தனை படத்தில் ஃபோகஸ் அவள் முகத்தில் நிற்கிறது, எத்தனையில் பின்னால் இருக்கிறவர்மேல் தாவுகிறது என்று எண்ணு. வெளிக் கம்பெனி லென்ஸுக்கும் கேமராவின் புதிய சாஃப்ட்வேருக்கும் சில சமயம் ஒத்துப்போகாது என்கிறார் திருகாணி, ஆட்டம் முடிகிறவரை கேமராவில் எதையும் அப்டேட் செய்யாதே. நீ இரவல் வாங்கியதில் எந்தப் பக்கம் திருப்பினால் படம் கிட்டே வருமோ, இதில் அதற்கு நேர்மாறு, இரண்டு நாள் வீட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பழகிக்கொள்.

கூட ஒரு படம் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நம் வீட்டு ஜன்னலில் இருந்து, இந்த லென்ஸில், இருநூறில், என் கையாலேயே எடுத்தது. தெருக்கோடியில் காய்கறிப் பையோடு வருவது அப்பா. அவருடைய மூக்குக் கண்ணாடியின் பிடி தெளிவாகத் தெரிகிறது, பையில் தலை நீட்டும் கீரை தெரிகிறது, சட்டையில் மூன்றாவது பட்டனைக் காணோம், அது லென்ஸின் குறை அல்ல. உன் லென்ஸை இதைவிடக் கடுமையாக வேறு யாரும் சோதித்திருக்க முடியாது, தைரியமாக மாட்டிக்கொண்டு போ.

எட்டாம் தேதி உன் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யட்டும், எடுத்த இடமெல்லாம் உனக்குத் துலங்கட்டும், என்றைக்கும் நன்றாக இரு. டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுது. லென்ஸின் இடது பக்கத்து ஸ்விட்சை ஆன் செய்தே வைத்திருக்கிறேன், கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதை அணைக்காதே, யாராவது ஆனில் வைக்கச் சொன்னால் எதிர்த்துப் பேசாதே.

முக்கால் கப் டீயோடு,
உன் அம்மா